நகம் வைத்துப் பார்த்தல்

அது கயிற்றின் தழும்புதான். வேறொன்றாக இருக்க வழியில்லை. காலையில் டெம்போவில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, அது சாய்ந்துவிடாதபடி முன்புறத்தை இரு பக்கமும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். அப்போது வண்டியின் கழுத்துக்குக் கீழே, தாங்கு தகடு குழாயோடு சேரும் மூலையில், கயிறு உராய்ந்திருக்கும். உராய்ந்த இடத்தில் பச்சை வண்ணம் கீறி, மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் கயிற்றைக் கட்டியது கைப்பிடியில். கைப்பிடியில் கட்டிய கயிறு கழுத்துக்குக் கீழே எப்படி உராயும்? டெம்போ குலுங்கியபோது தளர்ந்து இறங்கியிருக்கலாம். இறங்கியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். வைத்துக்கொண்டாலும், டெம்போ வந்தது ஆறே காலுக்கு. அந்தக் கோட்டை நான் பார்த்தது ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக, வண்டி எங்கள் வாசலில் தன் ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தபோது. அப்போது கயிறே இல்லை. கயிறு இல்லாத நேரத்தில் கயிற்றின் தழும்பு எப்படி வந்தது? கேட்பதற்கு இங்கே ஆள் இல்லை. நகம் வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வண்ணத்தில் மட்டும் விழுந்த கீறல் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும்; இரும்பில் விழுந்த விரிசல் என்றால் நகத்தின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பம்பு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் நான் நகம் வைக்கவில்லை. வைக்க நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பிளாஸ்க்கில் காப்பி ஊற்றினேன்.

இப்போது மணி பத்தே முக்கால். மதுக்கரைக்கு அப்பால், கல் வெட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட ஒரு குழியின் அடியில், பழைய வண்டிகளுக்கான போட்டியில் ஐந்தாம் கட்டத்தின் கண்காணிப்பாளராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் அட்டை, அட்டையில் நூலால் கட்டிய பென்சில், கழுத்தில் விசில். சுண்ணாம்புப் பாறையின் வெண்மையில் கண் கூசுகிறது. வெயில் மேலேயிருந்து மட்டும் வரவில்லை; நான்கு சுவர்களிலிருந்தும் வருகிறது. எதிரே, இரண்டு சிவப்பு நாடாக்களுக்கு நடுவில் வளைந்து செல்லும் நாற்பது அடி தூரம் என் பொறுப்பு. முதலில் ஒரு சாய்ந்த பலகைப் பாறை. அதன்மேல் ஏறி இடப்புறம் திரும்பினால் மூன்று உருண்டைக் கற்கள். பிறகு பாசி படர்ந்த குட்டை. குட்டையைத் தாண்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு படி. படியின்மேல் ஏறியவுடன் அதே உயரத்துக்கு ஓர் இறக்கம். இந்த விளையாட்டில் வேகத்துக்கு வேலையில்லை. கால் தரையில் படாமல் கடப்பதே ஆட்டம். ஒருமுறை ஊன்றினால் ஒன்று, இரண்டுமுறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை என்றாலும் மூன்று. விழுந்தாலோ விலகினாலோ கைவிட்டாலோ ஐந்து. நின்றுவிட்டால்கூடக் குற்றமில்லை, கால் மட்டும் மேலேயே இருந்தால் போதும். குறைவாக வாங்குகிறவர் வெல்வார். முதலுதவிப் பெட்டியோடு என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் செவிலி பிலோமினாவுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்தாள். மார்க்கே வாங்காதவருக்குத்தான் முதல் பரிசென்றால் தன் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், முன்பே தெரிந்திருந்தால் கூட்டி வந்திருப்பேன் என்றாள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தக் கோடு மறுபடியும் கண்முன் வந்து நின்றது.

பதினான்கு வண்டிகள். எல்லாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அதுதான் இந்தப் போட்டியின் விதி. சீட்டுக் குலுக்கியதில் என் கணவர் வெள்ளியங்கிரிக்குப் பதினான்காம் எண் விழுந்தது. ஆகவே கடைசியாக வருவார். பத்துப் பேர் என்னைக் கடந்துவிட்டார்கள். குழியின் விளிம்பில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியில், அமைப்பாளர் சாமிக்கண்ணு ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பதினான்காம் எண், முதல் கட்டம், சுத்தம். பதினான்காம் எண், இரண்டாம் கட்டம், சுத்தம். ஒருமுறைகூடக் காலை ஊன்றவில்லை என்பதைச் சுத்தம் என்ற ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது சுத்தத்துக்குப் பிலோமினா கை தட்டினாள். அறுபத்து நான்கு வயதில் இப்படியா அக்கா என்று வியந்தாள். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டம் ஈர மணல்; இரண்டாம் கட்டம் கூழாங்கல்; அங்கெல்லாம் முன்சக்கரம் உயரத்திலிருந்து விழாது, கழுத்தின்மேல் பாரம் இறங்காது என்று எனக்கு நானே வகுப்பெடுத்துக்கொண்டேன். மூன்றும் நான்கும் எப்படியென்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவில்லை. என் கட்டத்தைத் தெரியும். அந்த இறக்கத்தில் முன்சக்கரம் விழும்போது வண்டியின் எடையும் மனிதரின் எடையும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே ஒரு கணம், என் உள்ளங்கை அகலமுள்ள ஒரு மூலையில் வந்து உட்காரும். அந்த மூலையில்தான் அந்தக் கோடு இருக்கிறது. கோடு இருக்கிறது என்று சொல்லாதே. தழும்பு என்று சொல்.

அரத்தால் ராவச் சொன்னது நான். இதையும் சொல்லிவிட வேண்டும், யாரிடமும் இல்லாவிட்டாலும் எனக்கு நானே. சாலையில் ஓடப் பிறந்த வண்டியைப் பாறையில் ஏற்றுவதென்றால் அதன் கழுத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும் என்று, அவர் ஒரு முக்கோணத் தகட்டை வெட்டி அங்கே வைத்து, கேஸ் வெல்டிங்கில் பற்றவைத்தார். பற்றவைப்பு நன்றாகவே இருந்தது. மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கனமாக, கொஞ்சம் முரடாக. வழக்கம்போல என்னை அழைத்து நகம் வை என்றார். அது எங்கள் வீட்டில், வண்டியை மறுபடி பூட்டிய பதினான்கு மாதங்களில் ஏற்பட்ட வழக்கம். சிலிண்டரைக் கடைந்து கொண்டுவந்தால் நகம் வை. புதிய போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சக்கரத்தை நிமிர்த்தியபின் அதன் விளிம்பில் நகம் வை. நான் விரலை ஓட்டிச் சரி என்றால்தான் அந்த உறுப்பு அடுத்த இடத்துக்குப் போகும். தொழிற்சாலையில் என் முதுகுக்குப் பின்னால் நகக்காரம்மா என்று சொல்வார்கள் என்று எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அன்றும் விரலை ஓட்டினேன். பற்றவைப்பில் குறையே இல்லை. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை என்றேன். கழுத்தில் வெட்டுக்காயம் ஆறிய மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது, நான்கு பேர் பார்ப்பார்கள், ராவிச் சமமாக்கிவிடுங்கள் என்றேன். இருந்துட்டுப் போகட்டும் புள்ள, அந்தக் கனத்துலதான் பலமிருக்குது என்றார். எனக்கு அது தெரியாதா? புடைப்பை ராவினால் பற்றவைப்பின் உயிரே போய்விடும் என்று எத்தனை பேருக்கு நான் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்? தெரிந்தும் சொன்னேன். முப்பத்தோராண்டு மூட்டையில் கிடந்த வண்டி, கிடந்ததே தெரியாத மாதிரி, எங்கேயும் உடைந்து ஒட்டாத மாதிரி, வழவழவென்று நிற்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு நாள் அரத்தை வைத்துக்கொண்டு தேய்த்தார். தரையில் வெள்ளிப்பொடி உதிர்ந்து கிடந்தது, நான்தான் பெருக்கினேன். பிறகு பச்சை வண்ணம் அடித்தோம். நகம் வைத்தேன். கண்ணாடி போல வழுக்கியது. மகிழ்ச்சியாக இருந்தேன்.

பதினோராம் எண் வருகிறார். உக்கடம் ரகீம் பாய். பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். எங்கள் வண்டிக்கு வேண்டிய பழைய உறுப்புகள் பாதி அவர் குவியலிலிருந்து வந்தவை. விசில் ஊதினேன். பலகைப் பாறையில் ஏறினார், மூன்று கற்களுக்கு நடுவில் வலக்கால் ஒருமுறை தரையைத் தொட்டது, குட்டையில் மறுமுறை. எழுதினேன். முடித்துவிட்டு வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, அட்டையை எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா ரெண்டு போட்டிருக்கீங்க? தண்ணியில பட்டது காலில்லீங்க, பேண்ட்டு.”

“பேண்ட்டுக்குள்ள கால்தானுங்களே பாய் இருக்குது?”

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். ரகீம் பாயும் சிரித்துவிட்டார். வெள்ளியங்கிரி வரட்டும், இதே கண்ணை வைத்துக்கொண்டு அவருக்கும் எழுதுகிறீர்களா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் திரும்பி, நாலாங்கட்டத்தில் நின்று பார்த்தேன், மனுசன் தண்ணீரில் நடக்கிற கொக்கு மாதிரி வண்டியை வைக்கிறார் என்றார். ஒலிபெருக்கி அதையே சொன்னது. பதினான்காம் எண், மூன்றாம் கட்டம், சுத்தம். நான்காம் கட்டம், சுத்தம்.

கொக்கு மாதிரி. ஆம். அப்படித்தான் இருந்தார், எண்பத்தொன்பதுக்கு முன்னால், நொய்யல் காய்ந்து கிடந்த மாதங்களில். அண்ணனும் தம்பியுமாக, ஆளுக்கொரு வண்டியில், ஆற்றுப் பாறைகளுக்கு நடுவே போட்டியாக ஓட்டுவார்கள். காலை யார் முதலில் ஊன்றுவது என்று. அப்போது இதற்கு ஒரு பெயர் இருப்பதோ, உலகத்தில் எங்கோ இதற்கென்று விதியும் அட்டையும் இருப்பதோ அவர்களுக்குத் தெரியாது. நான் கரையில் உட்கார்ந்து எண்ணுவேன். அப்போதும் நான்தான் எண்ணினேன். பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில், ஆற்றில் அல்ல, பாறையில் அல்ல, தார்ச்சாலையில், வாளையாற்றுக்குப் போகிற நேரான சாலையில், தம்பி தண்டபாணி ஒரு லாரியின் பின்புறத்தில் போய் மோதினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: இனி இந்த வீட்டில் வண்டி இருக்கக்கூடாது. கத்தவில்லை, அழவில்லை, தொழிற்சாலையில் குறையுள்ள ஒரு வார்ப்பை ஒதுக்கும்போது என்ன குரலில் சொல்வேனோ அதே குரல். அவர் மறுவாரமே வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, ஒவ்வொரு உறுப்புக்கும் கிரீஸ் தடவி, சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். விற்கவில்லை. விற்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை. முப்பத்தோராண்டு பேருந்தில் போனார்; பேருந்தில் வந்தார். ஒருநாளாவது அந்தப் பரணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். விடவில்லை. எனக்கு அது வெற்றி மாதிரித் தெரிந்தது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, செய்தித்தாளைப் பிடித்திருக்கும்போது தாளின் ஓரம் சலசலத்தது. காற்று என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தினேன். விசிறி நின்றபின்னும் தாள் சலசலத்தது. நரம்பு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: கை சும்மா இருக்கும்போதுதான் இந்த நடுக்கம் தெரியும், எதையாவது பற்றிக்கொண்டு வேலை செய்யும்போது அடங்கும், ஆனால் அடங்குகிற காலம் ஓரிரண்டு ஆண்டுதான், பிறகு பிடியும் போகும், நிதானமும் போகும். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அந்த மூட்டைகளை இறக்குங்கள் என்று நானே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். நிஜமாவா புள்ள? என்று கேட்டார். அறுபத்திரண்டு வயது மனிதரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. முப்பத்தோராண்டு இந்த வெளிச்சம் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் மூடி வைத்திருந்திருக்கிறேன். இந்தப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை. அடுத்த ஆண்டு அந்த இடக்கை கிளட்சைப் பிடிக்காது. ஆகவே அவருக்கு இருப்பது இன்று மட்டும். இந்த ஒரு முற்பகல் மட்டும்.

அதனால்தான் நகம் வைக்கவில்லை. இல்லை, அதனால் அல்ல. பொய்யை அழகாகக் கட்டாதே, மரகதமணி. வைத்திருந்தால், பிடித்திருந்தால், சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், மறுபடியும் பயந்துவிட்டாள், மறுபடியும் மூட்டை கட்டச் சொல்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் வண்டியை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அந்த மறுபேச்சின்மையை இன்னொரு முறை என்னால் பார்க்க முடியாது. இது ஒரு காரணம். இன்னொன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. அது விரிசல் என்றால், ஏன் விரிந்தது என்று கேள்வி வரும். ராவியதால் விரிந்தது. ராவச் சொன்னது யார்? அவ்வளவு சிறிய காரணம். காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், எல்லாத்துக்கும் நகம் வெச்சயா? என்று அவர் கேட்டார். வெச்சேனுங்க என்றேன். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னேன். மூடி இறுகிவிட்டது, அதற்குப் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் எண் குட்டையில் சரிந்தார். அடி ஏதுமில்லை. ஐந்து. பிலோமினா ஓடிப்போய் முழங்கையைத் துடைத்துவிட்டு வந்தாள். பதின்மூன்றாம் எண் மூன்று. எழுதும்போது என் எழுத்து ஒழுங்காகவே விழுவதைப் பார்க்கிறேன். உள்ளே என்ன நடந்தாலும் என் எண்கள் கோணியதில்லை. தொழிற்சாலையில் குறையுள்ள உறுப்பை ஒதுக்குவதற்கென்று ஒரு தாள் உண்டு. உறுப்பின் எண், குறையின் தன்மை, ஆய்வாளர் கையெழுத்து. கடைசியில் குறை கண்ட நேரம். பலரும் அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், அல்லது தோன்றியதை எழுதுவார்கள். நான் நிமிடம் பிசகாமல் எழுதுவேன். எழுதாதவர்களை நிற்கவைத்துக் கேட்பேன். குறையைக் கண்டபின் ஒரு பம்பு எத்தனை நேரம் அடுத்த மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது என்பேன். ஞானமுத்து என்றொருவர் என் பிரிவில் இருந்தார், நல்ல கண், ஒருநாள் காலையில் கண்ட விரிசலை மாலையில் எழுதினார். கேட்டபோது, வீட்டில் மனசு சரியில்லை, இவ்வளவு உற்பத்தியை என்னால் நிறுத்தவேண்டி வருமே என்று தயங்கிவிட்டேன், மேடம் என்றார். தயக்கம் என்றொரு நேரம் கடிகாரத்தில் கிடையாது என்று சொன்னேன். நன்றாகச் சொன்னதாக அப்போது எனக்கே தோன்றியது. அவரை வார்ப்புக் கூடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் புழுதியில் எத்தனை ஆண்டு இருந்தாரோ. அவர் முகம் ஏன் இப்போது, இந்த வெள்ளைப் பாறைக்கு நடுவில், இவ்வளவு தெளிவாக வருகிறது?

சத்தம் கேட்கிறது. இதயத் துடிப்பு போல அந்த ஒற்றைச் சிலிண்டரின் தட்டல். பதினான்கு மாதம் என் சமையலறைச் சுவருக்கு அப்பால் கேட்ட தட்டல். ஆயிரம் வண்டிகளுக்கு நடுவில் தனியாகப் பிரித்துச் சொல்வேன். பாறைத் திருப்பத்தில் முதலில் பச்சைத் தொட்டி, பிறகு உயர்த்திக் கட்டிய சைலன்சர், பிறகு அவர். ஃபுட்ரெஸ்ட்டின்மேல் எழுந்து நிற்கிறார். கட்டத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கும் இரு வெள்ளைக் கற்களுக்கு முன்னால் வந்து, கால் ஊன்றி, என்னைப் பார்க்கிறார். கண்காணிப்பாளர் விசில் ஊதினால்தான் உள்ளே வரலாம். தலைக்கவசத்துக்குள் கண்கள் மட்டும் தெரிகின்றன, சிரிக்கின்றன. இடக்கை கிளட்சின்மேல் உறுதியாக இருக்கிறது. நடுக்கமே இல்லை. ஊதாதே. ஊதாமல் இருந்தால் என்ன சொல்வாய்? கோடு ஒன்று பார்த்தேன் என்று சொல். நாலு கட்டம் சுத்தமாக முடித்துவிட்டு வந்து நிற்கும் மனிதரிடம் சொல். அது தழும்பாக இருந்துவிட்டால்? இருக்கலாம் அல்லவா, இன்னும் இருக்கலாம் அல்லவா, நகம் வைக்காதவரை அது எதுவாகவும் இருக்கலாம். என் வாயில் விசில் இருக்கிறது. ஊதியது நான்தான், ஆனால் ஊதவேண்டும் என்று நான் முடிவு செய்த கணம் எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை.

ஏறுகிறார். பலகைப் பாறையில் சக்கரம் பல்லி போல ஒட்டிக்கொண்டு போகிறது. மேலே போய் இடப்புறம் திரும்ப வேண்டும், வளைவு குறுகலானது, கைப்பிடியைக் கடைசிவரை ஒடிக்கிறார், ஒடித்து, முதல் உருண்டைக் கல்லுக்கு முன்னால், வழியைப் பார்ப்பதற்காக, அப்படியே நிற்கிறார். இரு கால்களும் மேலே. வண்டி நிற்கிறது, அசையவில்லை, ஓர் உயிரும் ஓர் இரும்பும் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு நிற்கிற மாதிரி நிற்கிறது. பிலோமினா மூச்சை இழுத்துக்கொண்டாள். எனக்கு எட்டடி தூரத்தில், கைப்பிடி முழுதாகத் திரும்பியதால் வண்டியின் கழுத்து முழுவதும் வெயிலுக்கு வந்திருக்கிறது. கோடு அங்கே இருக்கிறது. காலையில் தகட்டின் முனையோடு நின்றிருந்த கோடு இப்போது முனையைத் தாண்டிக் குழாயில் ஏறியிருக்கிறது. அதன் இரு ஓரத்திலும் செம்பழுப்பாக ஒரு பொடி. இரும்பும் இரும்பும் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தால் வருகிற பொடி. வண்ணக் கீறலில் அது வராது. எந்தக் கயிறும் அதைக் கொண்டுவந்து போடாது.

அட்டை என் மடியிலிருந்து விழுந்தது. நாடாவைத் தாண்டிவிட்டேன். கட்டத்துக்குள் கண்காணிப்பாளர் நுழையக் கூடாது, அதுவும் விதி. பாறையின்மேல் செருப்பு வழுக்கியது; கையை ஊன்றி ஏறி, முன்சக்கரத்துக்கு நேரே போய் நின்றேன்.

“ஏனுங்க. போக வேண்டாமுங்க.”

அவர் கால்களை ஊன்றவில்லை. கைப்பிடியை மயிரிழை அளவு இப்படியும் அப்படியும் அசைத்து நிலையைப் பிடித்துக்கொண்டே, தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் சிரிப்பு வடிந்து, அதன் அடியிலிருந்து நான் எதிர்பார்த்துப் பயந்திருந்த அந்தப் பழைய மறுபேச்சின்மை ஏறிவந்தது; அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“பயத்துல சொல்லலீங்க. கழுத்துல விரிசலுங்க. ராவுன எடத்துல.”

மேலே ஒலிபெருக்கி ஏதோ கேட்டது. பிறகு இடக்காலை எடுத்து, பாறையின்மேல், மெதுவாக, வைத்தார். இன்று எந்தக் கட்டத்துக்குள்ளும் தரையைத் தொடாத கால். இயந்திரத்தை நிறுத்தினார். அந்தத் தட்டல் நின்றதும் குழி முழுவதும் காது அடைத்த மாதிரி ஆயிற்று. இறங்கி, வண்டியைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். கிளட்சை விட்ட இடக்கை நடுங்கத் தொடங்கியது. அதைத் தொட்டியின்மேல் வைத்து அமுக்கினார். அமுக்கிய கைக்குக் கீழே தொட்டியிலிருந்து மெல்லிய ஒலி எழுந்தது. குனிந்து பார்த்தார். பார்த்தபின் வலக்கையால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார்.

“நகம் வை.”

அவரே என் விரலைக் கொண்டுபோய்க் குழாயின்மேல் வைத்துக் கீழ்நோக்கி இழுத்தார். வழவழப்பு. வழவழப்பு. பிறகு பிடித்தது. மேலும் போகவில்லை. நகத்தின் விளிம்பில் பிடித்த அந்தச் சின்னப் பிடி விரல் வழியாக, மணிக்கட்டு வழியாக, அவருடைய கைக்கும் போயிருக்க வேண்டும். விரலை விட்டுவிட்டார்.

“ராவச் சொன்னது நானுங்க” என்றேன்.

“ராவுனது நான்தான புள்ள.” அது அவ்வளவாக அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. என் விரலில் ஒட்டிய செம்பழுப்புப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்: “காலையில வெச்சயா?”

“வெக்கலீங்க.”

“பாத்தயா?”

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. கயிறு இருந்தது, டெம்போ இருந்தது, வண்ணம் இருந்தது.

“பாத்தேனுங்க.”

அவர் பொடியிலிருந்து கண்ணை எடுத்து, வந்த வழியை, நான்கு கட்டங்களும் இருக்கும் பக்கத்தை, ஒருமுறை பார்த்தார். அங்கே எவ்வளவு உயரத்திலிருந்து, எத்தனை முறை அந்தச் சக்கரம் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்கவும் இனி முடியாது. பிறகு சட்டைப்பையிலிருந்து தன் மதிப்பெண் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அட்டை காற்றில்லாமல் சலசலத்தது. முதல் நான்கு கட்டங்களிலும் யார் யாரோ எழுதிய சுழியங்கள், நான்கும் நான்கு விதமாக. பிலோமினா என் பென்சிலைப் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தாள், அடி ஏதும் படவில்லையே அக்கா என்றாள், படவில்லை என்றேன். ஐந்தாம் கட்டத்துக்கு நேராக ஐந்து என்று எழுதினேன். கோணவில்லை. பக்கத்தில், முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுதிய அதே கையெழுத்து: வெ. மரகதமணி. அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த அட்டையில் அதற்கென்று கட்டம் எதுவும் அச்சிடப்படவில்லை. பெயருக்குக் கீழே, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், நிமிடம் பிசகாமல் எழுதினேன்: குறை கண்ட நேரம், காலை 5.50.